எட்டைத் தாண்டிப் போட்ட ஒன்பது

எங்கள் வீட்டில் காலையில் முதலில் வாய் திறப்பது கம்ப்யூட்டர்தான். நான் குளித்து, விளக்கேற்றி, பிள்ளையாருக்கு ஒரு செம்பருத்தியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் என் மனைவி மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்திருப்பாள். திரையில் இருக்கிற எழுத்தை அது வாசிக்கும், இவள் கேட்பாள். அவளுக்குப் பார்வை போய் ஆறு வருடம் ஆகிறது. நரம்பில் கோளாறு, திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் குரல் ஒன்றும் தேன் குரல் இல்லை. மூக்கடைத்தவர் பஞ்சாங்கம் படிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் எத்தனை தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ளாமல் வாசிக்கும். அந்த விஷயத்தில் என்னைவிட நல்லது என்பாள்.

நான் பத்தாவது வரைதான் படித்தேன். சிம்மக்கல்லில் ஒரு பேப்பர் மொத்தக் கடையில் சரக்குப் பிரித்து அனுப்பும் வேலை. கம்ப்யூட்டரைப் பற்றி நான் எழுத வந்ததே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எழுதக் காரணம் ஒரு எண். அந்த எண்ணால் என் மனைவியை நான் எவ்வளவு நோகடித்துவிட்டேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

ஒத்தக்கடையில் எங்கள் காலனிப் பிள்ளையார் கோயிலில் பெருமாளுக்கும் ஒரு சன்னிதி உண்டு. மார்கழி முப்பது நாளும் விடிகாலையில் ஒருவர் முன்னால் நின்று அன்றைய பாட்டைச் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். முடிந்ததும் பாட்டின் பொருளை வாசிப்பார்கள். பார்வை இருந்த காலத்தில் பல வருடம் முன்னால் நின்றது என் மனைவிதான். பார்வை போன அடுத்த மார்கழியில், மனப்பாடமாகவே சொல்லிவிடுகிறேன் என்று தைரியமாக நின்றாள். நாலாம் நாள் பாதிப் பாட்டில் அடுத்த வரி வரவில்லை. கூட்டத்தில் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். இன்னொருவர் வேறு வரியை எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையைக் கூப்பியபடியே தடவித் தடவி வந்து பெண்கள் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு கோயிலுக்கு வருவாள், கேட்பாள். முன்னால் போய் நின்றதில்லை.

போன வருடத்துக்கு முந்தைய மார்கழிக்கு, மறுபடி நிற்கிறேன் என்று அவளாகவே சொன்னாள். அதற்கு அவள் கண்டுபிடித்த வழி இந்தக் குரல்தான். இயர்போனில் அது முன்னால் சொல்லிக்கொண்டே போக, இவள் அரை அடி பின்னால் சொல்லிக்கொண்டு வருவாள். பட்டனைத் தொடக் கூடாது. இரண்டு கையும் சாமிக்கு முன்னால் கூப்பியபடி இருக்க வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. என் குரலிலேயே பதிவு பண்ணித் தருகிறேன் என்று ஒரு பாட்டைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். கேட்டுவிட்டு, பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்கிற மாதிரி இருக்கிறது, பெருமாள் இறங்கிப் போய்விடுவார் என்று சிரித்தாள்.

அதனால் ஆடி மாதத்திலிருந்து இரண்டு விரலால் பாட்டையும் பொருளையும் தட்டி உள்ளே ஏற்றினேன். அங்கேதான் முதல் சிக்கல் வந்தது. பாட்டில் முற்றுப்புள்ளி கிடையாது. பொருள் எழுதும்போதும் எனக்கு முற்றுப்புள்ளி வைக்கிற பழக்கம் அவ்வளவாக இல்லை. வாசித்துக்கொண்டே வருகிற குரல் பாதியில் மூச்சு நின்ற மாதிரி நின்றுவிடும். பிறகு மொத்தத்தையும் மூடித் திறந்தால்தான் பேசும்.

என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சினன், நான் வேலை பார்க்கிற கடைக்கு இரண்டு தெரு தள்ளிக் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறான். அவனுக்கும் நாற்பது ஆகிவிட்டது, இன்னும் பேச்சில் விளையாட்டுத்தனம் போகவில்லை. ஆனால் அக்கா விஷயம் என்றால் சாப்பாட்டை மறந்து உட்காருவான். இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இலவச அமைப்பைப் போட்டுக் கொடுத்ததும் அவன்தான். நடுநடுவே புள்ளி வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றான். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. புள்ளி வைத்தால் குரல் இறங்கி, முடிந்துவிட்ட மாதிரி நிற்கிறது, தன் மூச்சும் அங்கே அறுந்துபோகிறது என்றாள்.

அவன் பல நாள் மெனக்கெட்டு நிரலுக்குள்ளேயே இறங்கிக் காரணத்தைப் பிடித்துவிட்டான். ஒரு மூச்சில் இத்தனை இடம்தான் என்று அதற்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு இடம் போதும். தமிழ் எழுத்து ஒன்றுக்கு மூன்று இடம், கொம்பும் காலும் வந்தால் இன்னும் கூட. அதனால் நம் பாட்டு சீக்கிரம் நிரம்பி வழிந்துவிடுகிறது. இடத்தைப் பெரிதாக்க ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்.

மாற்றினான். ஆனால் மாற்றினதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமானால் திரும்பப் பொட்டலம் கட்ட வேண்டும், பொட்டலத்துக்கு எண் போட வேண்டும். இந்த எண் விவகாரத்தை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். உலகம் முழுக்க யார் யாரோ எழுதிய நிரல்களை எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிற மாதிரி சீர் செய்து, பொட்டலமாகக் கட்டி எல்லோருக்கும் அனுப்புவதற்கென்று குழுக்கள் இருக்கின்றன. டிஸ்ட்ரோ என்பார்களாம். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு எண் இருக்கும். எங்கள் குரலின் எண், ஒன்று புள்ளி ஐந்து, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏழு. வீட்டுக் கம்ப்யூட்டர் அந்த எண்ணை மட்டும்தான் பார்க்கும். வருகிற எண் இருக்கிறதைவிடப் பெரியதென்றால் புதியது என்று ஏற்றிக்கொள்ளும். சின்னதென்றால் பழையது என்று வாசலிலேயே நிறுத்திவிடும்.

இது பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது, ஏழுக்கு அடுத்த எண் போட வேண்டும் என்பது மட்டும்தான்.

"எட்டுப் போட்டுரவா மச்சான்?" என்றான்.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. நான் அப்போதுதான் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் நாமம் காயாமல் அவன் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டு வேண்டாம் என்றேன். எட்டு சனியின் எண். நல்ல காரியத்துக்கு எட்டு எனக்கு ஆகாது. எட்டாம் தேதி எதையும் தொடங்க மாட்டேன், கடையில் எட்டுக் கட்டு ஏற்றச் சொன்னால்கூட ஏழை ஏற்றிவிட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வைப்பேன். இது அவனுக்கும் தெரியும்.

"அக்கா பேசுற மிஷினுக்குமா மச்சான் ராசி பாக்குறது?"

"ஒன்பது போடு மாப்ள. நவகிரகமும் துணைக்கு இருக்கும்."

சிரித்துக்கொண்டே ஒன்பது போட்டான். ஏன் எட்டைக் கண்டால் இப்படி ஓடுகிறேன் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ஒன்பது நன்றாகத்தான் பேசியது. முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் வாசித்தது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் இவள் தினமும் பழகினாள். அடுப்படியில் குக்கர் விசில் அடிக்க, இவள் கண்ணை மூடிக் கையைக் கூப்பி, காதில் கேட்பதற்கு அரை அடி பின்னால் சொல்லிக்கொண்டே இருப்பாள். தொடங்கின புதிதில் குரல் ஓடிவிடும், இவள் தடுமாறுவாள். போகப் போக இரண்டும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி ஆகிவிட்டது. கோயில் கமிட்டித் தலைவர், ரிட்டயர் ஆன வாத்தியார், வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார். போனவர் கோயில் போர்டில் முப்பது நாளுக்கும் என் மனைவியின் பெயரைச் சாக்பீஸால் எழுதிவிட்டார். நான் அதை வாசித்துக் காட்டியபோது, எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று கேட்டாள்.

மார்கழி பிறக்க ஐந்து நாள் இருந்தபோது கம்ப்யூட்டர் புதியவை வந்திருக்கின்றன, ஏற்றட்டுமா என்று கேட்டது. எப்போதும்போல் சரி என்று தட்டினேன். மறுநாள் காலை குரல் வரவில்லை. டக், டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இயர்போனை மாற்றினேன். ஸ்பீக்கரை மாட்டினேன். அணைத்துவிட்டுப் போட்டேன். கடையை மத்தியானமே பூட்டிவிட்டு மச்சினன் வந்தான். பாட்டுப் போட்டுப் பார்த்தான், பாட்டு பாடுகிறது. குரல் மட்டும் பேசவில்லை. சத்தம் சம்பந்தமான பகுதியை மாற்றியிருக்கிறார்கள், அதோடு குரல் ஒத்துப்போகவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அப்படியானால் குரலுக்கும் புதிய பொட்டலம் வந்திருக்க வேண்டுமே என்று கேட்டுப் பார்த்தான். இருப்பதே புதியது என்று பதில் வந்தது. திரும்பக் கேட்டான். திரும்பவும் அதே பதில். இதற்குமேல் புதியது கிடையாது என்று எழுந்துவிட்டான். நாங்கள் இரண்டு பேரும் அதை நம்பினோம். எண்ணைப் போட்டவர்களே நாங்கள்தான், அந்த எண்ணையே பார்த்து நம்பினோம்.

அன்று சாயங்காலம் என் மனைவி புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். வாத்தியார் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். வேறு யாரையாவது எழுதிக்கொள்ளட்டும், இன்னும் நாள் இருக்கும்போதே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்றாள். நடுவில் நின்று போவதை இன்னொரு தடவை அவளால் தாங்க முடியாது. அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் என் கையைப் பிடித்திருந்த அவள் கை அதைத்தான் சொன்னது. இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் வண்டியூருக்குப் பஸ் ஏறினேன். மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்தேன். பெரிய வேண்டுதல் எதுவும் இல்லை. அவளுக்கு முப்பது நாள் குரல் வேண்டும், அவ்வளவுதான். பக்கத்துப் படியில் ஒரு அம்மா பொரி வாங்கி மீனுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பொரிப் பொட்டலத்தில் கடை முத்திரை இருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. எங்கள் கடைக் கட்டில் தப்பு இருந்தால் வாங்கினவர்கள் எங்களைத்தானே கூப்பிடுகிறார்கள். இந்தக் குரலைக் கட்டி அனுப்புகிற ஆள் ஒருவர் இருப்பாரே, அவரைக் கேட்டால் என்ன? அங்கிருந்தே மச்சினனுக்குப் போன் போட்டேன். பொட்டலத்துக்குள்ளேயே அவர் மெயில் விலாசம் இருக்கிறது என்றான். ஏன் இதை முதலிலேயே யோசிக்கவில்லை என்று தன்னையும் திட்டிக்கொண்டான், என்னையும் திட்டினான்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அவன் ஆங்கிலத்தில் தட்டினான். எண் ஒன்று புள்ளி ஐந்து, கோடு, ஒன்பது, சத்தம் வரவில்லை, மனைவிக்குப் பார்வை இல்லை, கோயிலில் வாசிக்க வேண்டும், இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். கோயில் கதையெல்லாம் எதற்கு மச்சான் என்றான். எழுது என்றேன்.

அடுத்த நாள் முற்பகலில் நான் கட்டுப் பிரித்துக்கொண்டிருக்கும்போது மச்சினன் கடைக்குள் வந்தான். அடுக்கியிருந்த சரக்கின் மேல் உட்கார்ந்து போனைத் திறந்தான். பதில் எழுதியிருந்தது ஒரு பெண். எந்த ஊர் என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் சம்பளத்துக்கு இதைச் செய்யவில்லையாம், வேலைக்குப் போய்வந்த நேரத்தில் கட்டி அனுப்புகிறாராம். மச்சினன் முதல் வரியை வாசித்துவிட்டு என்னையே பார்த்தான்.

"மச்சான், நான் ஒன்பதே போடலையேங்குறாங்க. எட்டு வரைக்கும்தான் போட்டேன், உங்களுக்கு ஒன்பது எங்க கெடச்சதுன்னு கேக்குறாங்க."

கையில் இருந்த கட்டைக் கீழே வைத்தேன்.

சத்தம் மாறின அன்றே, அதோடு ஒத்துப்போகிற மாதிரி அவர் குரலைச் சரி பண்ணி, எட்டு என்று எண் போட்டு எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். அந்த எட்டு எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கிறது. உள்ளே ஒன்பது உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் கம்ப்யூட்டர் அதைப் பழையது என்று திருப்பி அனுப்பிவிட்டது. எட்டுக்குப் பயந்து நான் ஒரு படி தாண்டினேன். வந்த உதவி அந்தப் படியிலேயே நின்றுவிட்டது.

பதில் எழுதிய அந்த அம்மா கோபப்படவில்லை. பொறுமையாக எழுதியிருந்தார். கோட்டுக்கு முன்னால் இருப்பது நிரலை எழுதினவரின் எண். நாங்கள் என்ன சரி பண்ணினாலும் அதைத் தொட மாட்டோம். கோட்டுக்குப் பின்னால் இருப்பது சரி பண்ணுகிற எங்கள் எண். எங்களுக்கும் பிறகு வீட்டில் நீங்கள் சரி பண்ணினால் எங்கள் எண்ணைத் தொடாதீர்கள். அதன் வாலில் ஒரு கூட்டல் குறி போட்டு உங்கள் அடையாளத்தைச் சேருங்கள். ஏழு, கூட்டல், உங்கள் அடையாளம். அது ஏழைவிடப் பெரியது, எட்டைவிடச் சின்னது. நாங்கள் எட்டை அனுப்பும்போது உங்களுடையது தானாக வழிவிடும். நீங்கள் எட்டு என்று போட்டிருந்தாலும் இதே சிக்கல்தான் வந்திருக்கும் என்றும் எழுதியிருந்தார்.

கேட்கக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. நான் இருபது வருடமாகச் செய்கிற வேலையே இதுதான். மில்லிலிருந்து வருகிற கட்டில் மில் சீட்டு ஒட்டியிருக்கும். மூலை நைந்த கட்டைப் பிரித்து நாங்கள் திரும்பக் கட்டினால், மில் சீட்டின் மேல் எதையும் ஒட்டக் கூடாது, கிறுக்கக் கூடாது. கீழே எங்கள் கடைச் சீட்டை ஒட்டுவோம். மில்காரன் பெயரும் நிற்கும், திரும்பக் கட்டினவன் பெயரும் நிற்கும். இதைப் புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நான்தான் சத்தம் போட்டுச் சொல்வேன். வீட்டுக் காரியம் என்றதும் மில் எண்ணையே என் இஷ்டத்துக்கு அடித்துவிட்டேன்.

சாயங்காலம் இரண்டு பேருமாக வீட்டுக்குப் போனோம். என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். மச்சினன் குதூகலமாக எல்லாவற்றையும் சொன்னான். எட்டு ஏற்கெனவே வந்து காத்துக்கொண்டிருக்கிறது, அதை எடுத்து நம் மாற்றத்தை அதில் சேர்த்து, வாலில் வீடு என்று ஆங்கில எழுத்தில் எழுதி ஒன்று போட்டால் முடிந்தது என்றான். எட்டு, கூட்டல், வீடு ஒன்று.

அவள் கிள்ளுவதை நிறுத்தினாள். ஏழுக்கு அடுத்து எட்டுத்தானே, ஒன்பது எப்படி வந்தது என்று கேட்டாள்.

மச்சினன் என்னைப் பார்த்தான். எட்டுப் போட்டிருந்தாலும் இதே கதிதான் ஆகியிருக்கும் அக்கா, அந்த அம்மாவே எழுதியிருக்கிறார் என்று இழுத்தான். அது கிடக்கட்டும், ஏன் தாண்டினீர்கள் என்று மறுபடி கேட்டாள். கேள்வி தம்பியிடம் இல்லை.

எட்டு ஆகாது என்று நான்தான் சொன்னேன் என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் பிறந்தது ஒரு எட்டாம் தேதி. பார்வை முழுக்கப் போன வாரத்தில் என் பக்கத்து உறவில் ஒருத்தி பார்க்க வந்தாள். எட்டில் பிறந்தவர்களைச் சனி சும்மா விடாது, கட்டினவனையும் சேர்த்துத்தான் ஆட்டும் என்று, அடுப்படியில் இருந்த இவள் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை. வந்தவளுக்குக் காப்பியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எட்டைக் கண்டால் ஒதுங்குகிற பழக்கம் எனக்கு அதற்கு முன்னால் கிடையாது. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன், கிடையவே கிடையாது. அன்றைக்குப் பிறகுதான் வந்தது. அவளுக்கு இன்னொரு கெடுதல் வந்துவிடக் கூடாதே என்ற பயம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கையில் இருந்த அவரைக்காயைக் கீழே வைத்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"எட்டுல பொறந்தவ சமைச்சதைத்தான் இம்புட்டு வருசம் சாப்பிடுறீங்க. அது ஒத்துக்கிருச்சுல்ல?"

நான் தலையைக் குனிந்தேன். குனிந்தது அவளுக்குத் தெரியாது என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"அன்னைக்கு அவுக சொன்னப்ப நீங்க ஒரு வார்த்தை பேசுவீங்கன்னு அடுப்படியில நின்னு காத்துக் கெடந்தேன். பேசலை. சரி, வந்தவுக முன்னாடி வேணாம்னு இருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். இப்பத்தான் தெரியுது, நீங்களும் நம்பியிருக்கீங்க."

மச்சினன் தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டான்.

நம்பவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. கும்பிடுகிற சாமி முன்னால் பொய் சொல்லலாமா? நம்பியிருக்கிறேன். பாசத்தோடு சேர்த்து வைத்திருந்ததால் அது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. தப்புதான் என்றேன். அன்றைக்கே பேசியிருக்க வேண்டும், பேசாதது முதல் தப்பு என்றும் சொன்னேன்.  கீழே உட்கார்ந்து அவள் பக்கத்தில் இருந்த அவரைக்காயை எடுத்துக் கிள்ள ஆரம்பித்தேன். நாலைந்து காய் ஆகியிருக்கும். நார் எடுக்காமல் போடுகிறீர்கள் என்றாள். தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"டேய், எட்டே போடுடா. பெருமாள் எனக்குக் குடுத்த தேதி அது. அவருக்கு ஆகாததையா குடுத்திருப்பாரு?"

மச்சினன் வந்து உட்கார்ந்து கட்டினான். பொட்டலத்தில் என்ன மாற்றம் என்று எழுதுகிற இடத்தில், தமிழ்ப் பாட்டுக்கு இடம் பெரிதாக்கியது, வீட்டுக்காக, என்று எழுதினான். ஏற்றினான். முதலில் ஒன்பதை எடுக்கச் சம்மதமா, இது கீழே இறங்குகிற மாதிரி ஆகும் என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது. அதை அவன் வாசித்ததும், இறங்கு இறங்கு என்று என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் மூக்கடைத்த குரல் பாட்டைத் தொடங்கியது. நடுவில் எங்கேயும் நிற்கவில்லை.

மார்கழி முதல் நாள் யானைமலைப் பக்கமிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. கோயிலில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அவளைச் சன்னிதி முன்னால் நிறுத்தி, பையில் மடிக்கணினியை வைத்து, இயர்போன் ஒயர் புடவைக்குள் மறைகிற மாதிரி சரி செய்துவிட்டு நான் தள்ளி நின்றேன். கையைக் கூப்பினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, பெருமாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வை போன புதிதில் எந்த இடத்தில் நின்றுபோனாளோ, அந்தப் பாட்டு நாலாம் நாள் வந்தது. அன்றைக்கு மட்டும் அவளைப் பார்த்தேன். அந்த வரி வரும்போது கூப்பிய கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். குரல் காதில் முன்னால் போயிருக்க வேண்டும், இவளும் பின்னாலேயே போய்விட்டாள். முப்பது நாளும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. எங்கள் மாற்றத்தை அந்த அம்மாவுக்கும் அனுப்பிவைத்தோம். அடுத்ததில் சேர்த்துக்கொள்கிறேன், சேர்த்ததும் உங்கள் வால் தானே உதிர்ந்துவிடும் என்று பதில் எழுதினார்.

பங்குனியில் ஒரு காலை நான் சாமி கும்பிட்டுவிட்டு வந்தபோது கம்ப்யூட்டர் ஒரு கேள்வியோடு நின்றது. குரலுக்குப் புதியது வந்திருக்கிறது. எட்டு, கூட்டல், வீடு ஒன்று என்பதை எடுத்துவிட்டு ஒன்பதை வைக்கட்டுமா என்று கேட்டது. இது உண்மையான ஒன்பது, அந்த அம்மா போட்டது. என்ன மாற்றம் என்ற குறிப்பில், நீளமான தமிழ் வரிகள் நின்றுபோவது சரி செய்யப்பட்டது, கண்டுபிடித்துத் தந்தது மதுரையில் ஒரு குடும்பம் என்று எழுதியிருந்தார். பெயர் வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மச்சினன் போனில் அதை இரண்டு தடவை தமிழில் சொன்னான்.

சரி என்று தட்ட வேண்டியதுதான். விரல் போகவில்லை. அந்த எட்டை நாலு மாதமாகத் தினமும் பார்த்திருக்கிறேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் அதைச் சின்னச் சீட்டில் எழுதிக்கூட ஒட்டி வைத்திருந்தேன். அதை எடுத்துவிடச் சொல்கிறதே என்றிருந்தது.

என்ன சத்தத்தையே காணோம் என்று என் மனைவி கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். இந்த எட்டே இருந்துவிட்டுப் போகட்டுமே, நன்றாகத்தானே பேசுகிறது என்றேன்.

"நல்லா இருக்கே கதை. அன்னைக்கு எட்டு வேணாம்னு ஓடுனீங்க, இன்னைக்கு எட்டை விட மாட்டேன்னு உக்காந்திருக்கீங்க. நம்ம சரி பண்ணுனதுதான் அதுக்குள்ள இருக்குல்ல, போடுங்க. எட்டாம் நம்பர் இங்கதான இருக்கேன், எங்க போகப் போறேன்?"

தட்டினேன். அவள் இயர்போனை எடுத்துவிட்டு ஸ்பீக்கரில் விட்டாள். மூக்கடைத்த குரல் மார்கழிப் பாட்டைத் தொடங்கியது. சீட்டை மட்டும் நான் கிழிக்கவில்லை. அது இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தினமும் திருநீறு இட்ட கையால் அதையும் ஒரு தடவை தொட்டுக்கொள்கிறேன்.